எழுதிக்கோங்க என்றார் ஹள்ளிகேரி ஸார்

ஹள்ளிகேரி ஸார் வகுப்பில் மராட்டியப் பேஷ்வாக்களை நடத்தி முடித்த திங்கட்கிழமை சாயங்காலம், நவிலுகெரே ஊரில் பேஷ்வா என்றால் யாரென்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அன்று சந்தையில் பேடகி மிளகாய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பேஷ்வாக்களின் ஆட்களுக்கு வரி கட்டியே ஓட்டாண்டியான குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தப் புலம்பலைக் காப்பாற்றி வைத்திருந்த பெரியவர்கள் அன்றைக்கு மிர்ச்சி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். எதையோ தொலைத்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தைய வருஷம் சாளுக்கியர்களும் இப்படித்தான் போனார்கள். அவர்கள் கட்டிய கோயில் மட்டும், கட்டியது யாரென்று தெரியாமல், பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்றது. பூஜை வழக்கம்போல நடந்தது.

மல்லேஷப்பா ஹள்ளிகேரி எங்கள் ஊர்க் கல்லூரியில் பி.ஏ. வகுப்புக்குச் சரித்திரப் பேராசிரியர். தங்கமான மனுஷர். ஒரு நாள் தாமதமாக வந்தவரில்லை. வகுப்புக்குள் நுழைவார், வருகைப் பதிவு எடுப்பார், தான் எம்.ஏ. படித்த காலத்தில் எழுதிவைத்த குறிப்புகளைப் பிரிப்பார், "எழுதிக்கோங்க" என்பார். அவ்வளவுதான் பாடம். காரணங்கள், நிகழ்ச்சிகள், விளைவுகள். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதுவரை சொல்லிவிடுவார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள். இப்படி அவர் வாயிலிருந்து அவர்கள் பேனாவுக்குப் போன எதுவும் சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் தலையிலிருந்தும் போய்விடும். பிள்ளைகள் தலை மட்டுமில்லை; தாசில்தார் தலை, தட்டார் தலை, கோயில் பூசாரி தலை, எல்லாம். நகராட்சி எல்லைக் கல்லுக்கு அப்பால் குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஊருக்குள் மறக்காதவர் ஒருவரே, அது நடத்தினவர். அப்படியானால் பரீட்சையில் என்ன எழுதினார்கள் என்று கேட்பீர்கள். முதல் நாள் நோட்டைப் பார்த்து உருப்போட்டால், விடைத்தாளில் நூல் கட்டி நீட்டும்வரை நிற்கும், நீட்டியதும் காலி. சரித்திரத்தில் வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வந்து, பேனா ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத அந்த வகுப்பைக் கதவோரம் நின்று பார்த்து, இதுவல்லவோ வகுப்பு என்று பாராட்டிவிட்டுப் போனது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணத்துக்கு வந்த ஹூப்ளி உறவுக்காரர்கள்தான் முதலில் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாளடைவில் அது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. சாவியை வைத்த இடம் தெரியாவிட்டால், "ஹள்ளிகேரி ஸார் நடத்திட்டார் போல" என்பார்கள். ஸாருக்கு விஷயம் உறைத்தது வீட்டில்தான். சதுக்கத்தில் குதிரை மேல் வாளோடு உட்கார்ந்திருக்கும் கித்தூர் ராணி சிலையை ரிக்‌ஷாவிலிருந்து பார்த்த அவர் மனைவி ஷாந்தக்கா, "ஏங்க, யாருங்க அந்தக் குதிரைக்காரி? மூக்குத்தி எவ்வளவு லட்சணமா இருக்கு" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அந்த ராணியாக வேஷம் கட்டி அட்டைக் கத்தி சுழற்றியவள் அவள். ராணியை அந்த வாரம்தான் ஸார் நடத்தியிருந்தார். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் செய்தது என்ன என்று யோசித்து, யோசிக்க முடியாமல் எழுந்து நடந்தார். மறுநாள் குறிப்புகளைப் பையிலேயே வைத்துவிட்டு, பிள்ளைகளோடு வாதாடினார், கேள்வி கேட்டார், வரைபடம் போட்டார். ஒரே வாரத்தில் பெற்றோர்கள் கூட்டமாகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். "ஸார் வகுப்புல கதை பேசறார், நோட்ஸ் குடுக்க மாட்டேங்கறார். எங்க பிள்ளைங்க எப்படிப் பாஸாகும்?" அடுத்த திங்கட்கிழமை ஸார் மறுபடியும் "எழுதிக்கோங்க" என்றார். காலில் ஆணி வந்தவர் ஆணியோடே நடக்கப் பழகுவதுபோல அந்த வெட்கத்தோடு அவரும் பழகிக்கொண்டார்.

அவரிடம் ஒரு வைராக்கியம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தில் "உள்ளூர் சரித்திரம்" என்று ஒரு தாள் உண்டு. அதில் எதை வேண்டுமானாலும் நடத்தலாம். இதைத் தெரிந்துகொண்டு மனுஷர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பன் போலி எடைக்கல்லோடு பிடிபட்ட மளிகைக்கடைக்காரர் ஒருவர் தார்வாட் பேடா டப்பாவோடு வந்து, "அப்பா விஷயத்தையும் ஒரு அரை பீரியட் நடத்திடுங்க ஸார், பொண்ணுக்கு வரன் பார்க்கறோம்" என்று கெஞ்சினார். "சரித்திரம் என்ன சலவைக்கடையாய்யா? எந்திரிச்சுப் போ!" என்று ஸார் கத்தியது தெருமுனைவரை கேட்டது. அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இப்போது பக்கீரவ்வா விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சம் வந்த வருஷத்தில், சோளம் கண்ணில் காணக் கிடைக்காதபோது, சர்க்கார் நிவாரண வேலையாக ஏரிக்கரையை உயர்த்தினார்கள். குத்தகை எடுத்தவர் நிங்கனகௌடா. தூரத்திலிருந்து மண் கொண்டுவரச் செலவாகுமென்று கரைக்கு அடியிலேயே தோண்டி மேலே போடச் சொன்னார். ஒரு மத்தியானம் கரை சரிந்து, மண் சுமந்துகொண்டிருந்த ஒன்பது பெண்கள் புதைந்தார்கள். தோண்டி எடுத்தால் நாள் ஆகும், அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அதன் மேலேயே மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்துச் சமன்படுத்திவிட்டார்கள். ஒன்பது பேரில் ஒருத்தி கெஞ்சவ்வா. அவள் மகள்தான் பக்கீரவ்வா. அன்று கரையோரம் விளையாடிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை. பின்னாளில் நிங்கனகௌடா அந்தக் குத்தகைப் பணத்தில்தான் எங்கள் கல்லூரியைக் கட்டினார். எள்ளமாவாசை அன்று நாங்கள் ரொட்டியும் பஜ்ஜியும் கூடையில் எடுத்துப்போய், பூமித்தாய் சாப்பிட வயலில் நாலு பக்கமும் வீசுவோம். அதற்குச் சரகா என்று பெயர். பக்கீரவ்வாவுக்கு வயல் கிடையாது. அவள் கூடையை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய், "யவ்வா கெஞ்சவ்வா, சாப்பிட வா" என்று கூப்பிட்டு அங்கே வீசுவாள். மிச்சத்தைக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து கொட்டி, "எங்கம்மா எலும்பு எங்கடா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். வருஷம் தவறியதில்லை.

நிங்கனகௌடாவின் மகன் சென்னப்பகௌடா கல்லூரித் தலைவர். பொன்விழாவுக்கு முந்தைய மாதம் அவரே ஸார் வீட்டுக்கு வந்து, சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"எள்ளமாவாசைக்கு மறுநாள் விழா ஸார். அப்பா படத்தைத் திறக்க மந்திரி வர்றார். வாசல்ல அந்தப் பொம்பள பழைய ரொட்டியைக் கொட்டி வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் கௌடரே?"

"நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஊருக்கே தெரியும். கரை சரிஞ்சதை உள்ளூர் சரித்திரத்துல சேருங்க. ஒரு பீரியட் போதும். பேரு ஒண்ணையும் விட்ராதீங்க, ஒண்ணு மிஞ்சினாலும் வம்பு."

கௌடா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, "பிரின்சிபால் நாற்காலி காலியாகுது. அதுக்காக நம்ம குல்கர்ணி வாத்தியார் நாய் மாதிரி என் பின்னாடியே வர்றான். எனக்கென்னவோ நீங்கதான் பொருத்தம்னு தோணுது" என்றார்.

சலவைக்கடை இல்லை என்று ஸார் இந்த முறை கத்தவில்லை. ஒரு வாரம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அழுதுகொண்டே இருப்பவளுக்கு அழுகை நின்றால் நல்லதுதானே. எல்லாரும் மறந்தாலும் நான் ஒருத்தன் ஞாபகம் வைத்திருப்பேனே. குல்கர்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கல்லூரி உருப்படுமா. இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, "எழுதிக்கோங்க. தலைப்பு: நவிலுகெரே ஏரிக்கரைச் சரிவு" என்றார். காரணங்களைச் சொன்னார், விளைவுகளைச் சொன்னார். முதல் பெஞ்சில் இருந்த தச்சர் வீட்டுப் பெண் மஹாதேவி தலை நிமிர்ந்து, "ஸார், பேரெல்லாம் எழுதணுமா? பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். "எழுதிக்கோ" என்றார். ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி, எழுத்துப் பிழை வராமல் சொன்னார். கடைசியில் கெஞ்சவ்வா, முற்றுப்புள்ளி. மணி அடித்தது.

விழா அமோகமாக நடந்தது. சென்னப்பகௌடாவுக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பது மறந்து, கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்ததால், ஹள்ளிகேரி ஸாருக்கு மேடையிலேயே பிரின்சிபால் பதவியை அறிவித்தார். ஆனால் அதற்கு முந்தின நாள், எள்ளமாவாசை அன்று நடந்ததை யாரும் மேடையில் சொல்லவில்லை. பக்கீரவ்வாவின் கைகள் பழக்கத்தில் விடியற்காலையே ரொட்டி தட்டின. கால்கள் பழக்கத்தில் ஏரிக்கரைக்குப் போயின. அங்கே போய்க் கூடையோடு நின்றவளுக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. வயலுக்குப் போகிறவர்கள் மாட்டு வண்டியிலிருந்து, "என்னக்கா, வயல் இல்லாத இடத்துல சரகாவா? ஹள்ளிகேரி ஸார் நடத்திட்டாரா?" என்று கத்திச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஸார் அந்த வழியாகத்தான் குடும்பத்தோடு மாமனார் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஸார், நீங்க படிச்சவங்க. நான் எதுக்கு ஸார் இங்க வந்தேன்?"

ஸார் வண்டியிலிருந்து இறங்கி, "உங்க அம்மா இங்கதான் இருக்கா, பக்கீரவ்வா. கெஞ்சவ்வா. இந்தக் கரைக்குள்ள" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

மறுபடி சொன்னார். பெயரை உரக்கச் சொன்னார். அவள் காதில் வாங்கிக்கொண்டதும் தெரிந்தது, அது உள்ளே நிற்காமல் போவதும் தெரிந்தது. ஒருமுறை அவர் நடத்திவிட்டதை அவர் வாயாலேயே திருப்பிக் கொடுக்க முடியாது; அவருக்கு அது அன்றுதான் தெரியும். "ஏதோ சொன்னீங்க ஸார், போயிடுச்சு" என்று அவள் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்து, வீணாகக் கூடாதே என்று கூடையை அவர்கள் வண்டியில் வைத்தாள். எண்ணெய்க் கத்திரிக்காயும் வேர்க்கடலைச் சட்னியும் மணத்தன. ஷாந்தக்காவும் பிள்ளைகளும் அந்த ரொட்டியை ருசித்துச் சாப்பிட்டார்கள். ஸார் வரப்பில் திரும்பி உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். நான் மனுஷனா, நான் மனுஷனா என்று அவர் முனகியதை எருமை மேய்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

விடுமுறை முடிந்து முதல் வகுப்புக்கு அவர் வெறுங்கையோடு போனார். பிள்ளைகள் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். "எழுத வேண்டாம். எல்லாரும் எந்திரிங்க" என்று ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். கரையில் ஒரு இடத்தில் மட்டும் மண் வேறு நிறம், புல் வேறு புல். "ஏன்?" என்றார். ராஜேசாப் என்ற பையன், "நீங்களே சொல்லுங்க ஸார், எழுதிக்கறோம்" என்றான். ஸார் பல்லைக் கடித்துக்கொண்டார். சொன்னால் போச்சு. "எனக்கு வாயில்லைன்னு வச்சுக்கோ. நீயே கண்டுபிடி" என்றார். பிள்ளைகளுக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வாரமும் அதே கரை, அதே ஏன். பெற்றோர்கள் வந்தார்கள், சத்தம் போட்டார்கள். ஸார் எல்லாரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார், நோட்ஸ் மட்டும் கொடுக்கவில்லை. அந்த வருஷம் சரித்திரத்தில் பாதிப் பேர் தேறவில்லை. மேடையில் அறிவித்த நாற்காலியும் அவரிடமிருந்து பறிபோய்க் குல்கர்ணிக்குப் போயிற்று.

பிள்ளைகளில் மஹாதேவிக்குத்தான் முதலில் அரிப்பு எடுத்தது. கரைக்கு அடியில் இருக்கும் பள்ளம் யார் தோண்டியது என்று தன் அப்பாவை நச்சரித்தாள், அவருக்குத் தெரியவில்லை. ஊரில் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. அவள் நோட்டிலேயே எல்லாம் இருந்தது, எழுதியதே மறந்துபோனதால் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரே ஒரு விஷயத்தை ஒன்றாகத் தெரியாது என்கிறதே, அது எப்படி என்று ராஜேசாப்புக்கும் சந்தேகம் வந்தது. இருவரும் சைக்கிளில் எல்லைக் கல்லைத் தாண்டி, பக்கத்துக் கிராமங்களில் பஞ்ச வருஷத்தில் மண் சுமந்தவர்களைத் தேடிப்போனார்கள். அங்கே கிடைத்தது துண்டு துண்டாகக் கிடைத்தது. ஒருத்தி கரை சரிந்தது என்றாள், இன்னொருத்தி அதெல்லாம் பொய் என்றாள், ஒரு கிழவர் தன் அண்ணிக்காக அழுதார். பிள்ளைகள் வகுப்பில் வந்து ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டார்கள். நீ சொல்கிறது நடந்திருக்கவே முடியாது, ஏன் முடியாது, அதிகாரி வந்த பிறகா முன்னாலா, யார் பார்த்தது. ஸார் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்தும் சொல்லக்கூடாத அவருக்கு அது நெருப்பு மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர்கள் தாமாகத் தேடிக் கொண்டுவந்தது மறுநாளும் அவர்கள் தலையில் இருந்தது. அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னது வீட்டார் தலையிலும் இருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக ஊருக்குள் திரும்பி வந்தன, சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தது போல. கெஞ்சவ்வா வந்து சேர மறு வருஷமாயிற்று.

மஹாதேவி போய்ப் பக்கீரவ்வாவிடம் சொன்னாள். பக்கீரவ்வா கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, அன்றைக்கே அம்மா செத்தது போலத் தெருவில் விழுந்து புரண்டு அழுதாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் அது அன்றைய சாவாகத்தான் பட்டது. அவர்கள் தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு வந்து அவளைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் வரை எந்த வீட்டிலும் தாளிக்கவில்லை. சென்னப்பகௌடா கல்லூரியில் இருந்த தன் அப்பா படத்தை யாரும் கேட்காமலே கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். ஸார் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். கிட்டே போக அவருக்கு முகம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. கேள்வி கேட்கப் பழகின பிள்ளைகள் நிறுத்துவார்களா? ஒரு காலை மஹாதேவி எழுந்து நின்றாள்.

"ஸார், வண்டிக்காரங்க பக்கீரவ்வா அக்காகிட்ட விளையாட்டாக் கேட்டாங்களாமே, ஹள்ளிகேரி ஸார் நடத்திட்டாரான்னு. அது விளையாட்டா ஸார்?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இல்ல. நான்தான் நடத்தினேன். இதே வகுப்புல. நீதான் எழுதின, நான் சொல்லச் சொல்ல."

"தெரியாம நடத்தினீங்களா?"

"தெரிஞ்சுதான். பிரின்சிபால் ஆகணும்னு."

அவள் உட்கார்ந்து, தான் எழுதிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸாருக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கிர்மிட் கடையில் அவருக்குப் பொரி கலக்க மறுத்தார்கள். நாவிதர், கை வலிக்கிறது என்றார். பக்கீரவ்வா, அவர் எதிரே வந்தால், நாய் செத்துக் கிடக்கும் இடத்தை விலகிப் போவதுபோலத் தெருவின் மறுபக்கம் போனாள். அவர் கூனிக் குறுகி நடந்தார். சந்தைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்த ஷாந்தக்கா, வெறும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு அழுதாள்.

"ஒரே ஒரு பீரியட் நடத்திடுங்க. உங்க விஷயத்தையும் நோட்ஸா குடுத்திடுங்க. ஊரு மறந்துடும். எனக்கும் மறந்துடும். நீங்க என்ன பண்ணினீங்கன்னு தெரியாம உங்களுக்கு ரொட்டி போடணுங்க நான். அந்த ரொட்டியைத் தின்னேனே, ஐயோ, அவ அம்மாவுக்கு வச்ச ரொட்டியை!"

மனைவி கேட்டு அவர் மறுத்ததில்லை. சரி என்றார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, எதற்கு மறைக்க வேண்டும். மறுநாள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வகுப்புக்குப் போனார். "எழுதிக்கோங்க" என்றார். எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கம், பேனாக்கள் திறந்தன. கரும்பலகையில் தன் பெயரை எழுதினார். முதல் வாக்கியத்தை மனதில் கூட்டிப் பார்த்தார். பேராசிரியர் மல்லேஷப்பா ஹள்ளிகேரி ஒரு பாடம் நடத்தினார். என்ன பாடம்? சரிவைப் பற்றி. எந்தச் சரிவு, யார் செத்தார்கள், யாரை யார் மறந்தது? எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது கெஞ்சவ்வாவில் போய்த்தான் நின்றது. அவர் செய்ததைச் சொல்லாமல் அவரை அழிக்க முடியாது. அவளைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்ல முடியாது. வேப்பமரத்தடியிலிருந்து கேட்ட அந்த அழுகை காதில் இருந்தது. அந்த அம்மாவை ஒருத்தி இரண்டாம் முறை இழக்க வேண்டும், இவர் சந்தையில் கத்திரிக்காய் வாங்குவதற்காக. மஹாதேவி பேனாவை நோட்டில் ஊன்றிவிட்டு, தலை நிமிராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூடுங்க" என்றார் ஸார். "பேனாவை மூடுங்க எல்லாரும். கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

அவர்கள் கேட்டார்கள். பெயரைச் சொல்லும்போது உங்களுக்கு என்ன தோன்றியது, வேண்டாமென்று ஏன் சொல்லவில்லை, கௌடா மறந்த பிறகும் பதவியை ஏன் வாங்கிக்கொண்டீர்கள். மணி அடித்த பிறகும் கேட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொன்னார். யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் எல்லாம் நின்றது.

ஹள்ளிகேரி ஸார் ஓய்வு பெறும்வரை பேராசிரியராகவே இருந்தார். தேர்ச்சி பரவாயில்லை என்ற அளவுக்கு ஏறியது. ஷாந்தக்கா அவருக்கு ரொட்டி போடுவாள், முகத்தைப் பார்க்காமல். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பில் முதல் நாளே ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "ஸார், கெஞ்சவ்வாவை மறக்கடிச்சது நீங்கதானா?" என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் அவருக்குக் காது மடல்வரை சூடேறும், அது ஒரு வருஷம்கூடக் குறையவில்லை. "ஆமாம்மா, நான்தான்" என்பார். மறுநாள் காலையில் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவர் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பிப்பார்.